இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

இந்த நாட்டில் சிலர் ஒரே மூச்சில் ஆமென்றும் இல்லையென்றும் பதில் சொல்வார்கள். "யா, நா" என்பார்கள். நான் வேலை செய்யும் பேக்கரியில் சாமான் போட்டுக்கொள்ளப் பை வேண்டுமா என்று கேட்டால் அதுதான் பதிலாக வரும். நான் பையை எடுத்து நீட்டுவேன், அவர்கள் சிரித்தபடி அதைத் திருப்பித் தருவார்கள். சிட்னிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சொல்லின் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஹரிஸ் பார்க்கில் நாங்கள் இருப்பது, பக்கத்து வீட்டோடு நடுச்சுவரைப் பகிர்ந்து நிற்கும் பழைய செங்கல் வீடு. தங்கை ஜெசிந்தாவுக்கு விசா கிடைத்ததும், கூரைக்குக் கீழே சும்மா கிடந்த வெளியை அவளுக்கு அறையாக்கிக் கொடுக்க நானும் கணவரும் முடிவெடுத்தோம். யுத்தம் முடிந்து முகாமில் இருந்தபோது, சேலையைக் கட்டித் தொங்கவிட்ட மறைப்புக்குப் பின்னால்தான் அவள் உடுப்பு மாற்றினாள். பிறகு மன்னாரில், சித்தப்பா வீட்டு விறாந்தையில் அம்மாவோடு ஒரு பாய். கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கென்று ஓர் அறை இருந்ததேயில்லை.

கட்டட வேலைக்கு வந்த டோனி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, நடுச்சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நின்ற புகைபோக்கிச் செங்கற்களைத் தட்டிக் காட்டினார். அதை எடுத்தால்தான் அறை அறையாக இருக்கும். ஆனால் அந்தப் புகைபோக்கி இரண்டு வீட்டுக்கும் பொது. எங்கள் பாதியை எடுத்தால் மற்றப் பாதி தனியே நிற்காது. முழுவதையும் இறக்க வேண்டிவரும். எங்கள் கணப்படுப்பு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மூதாட்டி ஜோன் மட்டும் இன்னும் விறகு எரிக்கிறார். அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் டோனி.

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோனிடம் புகைபோக்கியை இறக்கலாமா என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"யா, நா... உங்கள் வீடுதானே, கண்ணே" என்று சிரித்தார்.

"அவவுக்குச் சம்மதமாம்" என்று கணவரிடம் வந்து சொன்னேன்.

முதல் நாள் உள்பக்கத்தில் சில செங்கற்களைத்தான் கழற்றினார்கள். மத்தியானம் ஜோன் வந்து கதவைத் தட்டினார். கையெல்லாம் கரி.

"நான் வேண்டாம் என்று சொன்னேனே."

"நீங்கள் யா என்றீர்களே?"

"நா என்றும் சொன்னேன்."

அவர் குரல் உயரவில்லை. ஊரில் வேலிச் சண்டை என்றால் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கும்; யாருக்கு என்ன கோபம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இங்கே கோபத்தைக்கூடக் காது கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. "வந்து பாருங்கள்" என்று ஜோன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அணைந்த கணப்படுப்புக்கு முன்னால் அவர் கணவர் பில், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். காலடிக் கம்பளம் முழுக்கப் புகைபோக்கியிலிருந்து கொட்டிய கரி. என்னைக் கண்டதும் எழுந்து, "என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தீர்களா?" என்று கேட்டார்.

"அவருக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது" என்றார் ஜோன். "நெருப்பு எரிந்தால் மட்டும் இது தன் வீடு என்று நம்புகிறார். அணைந்தால் வாசலில் போய் நின்றுவிடுவார்."

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

வேலையை நிறுத்தச் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்தது. "அப்ப ஜெசி எங்க படுக்கிறது? இவ்வளவு காலமும் மூலையிலதானே கிடந்தவள்."

"அந்த மனுசன் தன்ர வீட்டுக்குள்ள இருந்துகொண்டே வீட்டைத் தேடுதப்பா."

அவர் மேலே ஏறிப் போனார். நெடுநேரம் இறங்கவில்லை. இறங்கி வந்து, "கட்டிலைக் குறுக்க போட்டால் சரிவரும் போல கிடக்கு" என்றார். அடுத்த நாள் டோனி கழற்றிய செங்கற்களைத் திரும்ப வைத்து இடுக்குகளைப் பூசினார். ஜோனின் கம்பளத்தை நானே கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன்.

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். அறை ஒடுங்கல்தான். அவள் குறை சொல்லவில்லை. கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். பிறகு புகைபோக்கிச் செங்கல்லில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மன்னாரிலிருந்த அம்மாவுக்கு வீடியோவில் காட்டினாள்.

"அம்மா, என்ர அறைக்குள்ளால பக்கத்து வீட்டு நெருப்பு போகுது. தொட்டால் சுடுது."

"அப்ப அது ஆரின்ர அறையடி?" என்று கேட்டார் அம்மா.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் போய் அந்தச் செங்கல்லில் கை வைத்தேன். சுவருக்கு அப்பால், கீழே, ஜோன் இன்னொரு விறகைப் போடும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் செங்கல்லிலிருந்து கையை எடுக்காமல் நின்றோம்.