காணாமற்போனோர்

எங்கள் அப்பா பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மகாயுத்தம் தொடங்கியதும் கொழும்பிலிருந்து தபாலில் ஒரு தமிழ்ப் பத்திரிகை வரவழைத்தார். சாயங்காலம் அவர் உரக்க வாசிப்பார். அம்மாவும் அக்காவும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன், என் அத்தான், அந்த யுத்தத்தில் இருந்தார்.

அவர் தோட்டத்து வண்டிக்காரர். தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் பண்டாரவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திருச்சிப் பக்கம் போனவர், அங்கேயே பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டச் சேர்ந்து மெசப்பொத்தேமியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

பத்திரிகைத் தமிழ் எங்களுக்குப் பிடிபட நாளாயிற்று. நம் படை 'நிலையைச் சீர்செய்துகொண்டது' என்றால் பின்வாங்கியது என்று பொருள். அது அப்பா சொல்லித்தான் தெரியும். 'சேதம் சொற்பம்' என்று வாசித்த அன்று, என்ன சேதமாயிற்று என்று அக்கா கேட்டாள். எங்களுக்குச் சேதம் என்றால் மழையில் நனைந்த அரிசி மூட்டை, உடைந்த தேயிலைப் பெட்டி. செத்த ஆட்கள்தான் என்று அப்பா பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு ஊரிலிருந்து அத்தானின் அண்ணன் தகவல் அனுப்பினார். பட்டாளத்தார் அத்தானைக் காணாமற்போனோரில் சேர்த்துவிட்டார்களாம்.

அம்மா அழத் தொடங்கினாள். அக்கா அழவில்லை. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆளைக் காணோமென்றால், வேறு தோட்டத்துக்கு ஓடிவிட்டான் என்று அர்த்தம். அத்தானும் பயந்து ஓடியிருப்பார், எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்றாள் அக்கா. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களிலும் அதையே பேசினார்கள். அப்பா அதன்பின் பத்திரிகையில் அந்தச் சொல் வரும் இடங்களைத் தாண்டி வாசித்தார்.

யுத்தம் முடிந்தபின், அத்தானோடு கழுதை ஓட்டிய ஒருவர் ஹல்துமுல்லைப் பக்கம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அப்பா சொல்லியனுப்பியதும் வந்தார். ஆற்றங்கரையில் குண்டு விழுந்ததையும், அத்தான் நின்ற இடத்தையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பொறுக்கி எடுக்கக்கூட ஒண்ணும் இல்லீங்க. உடம்பு கெடைக்காட்டி காணாமற்போனோர்னுதான் எழுதுவாங்க" என்றார்.



அவர் போன பிறகு அப்பா, மாதா கோயில் சாமியாரிடம் சொல்லி, செத்தவருக்கான ஆத்துமப் பூசை வைப்போமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேணாம்ப்பா. ஓடிப்போனவராவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா.

"அந்தாளு கண்ணால பாத்திருக்காரும்மா."

"பாத்திருக்கட்டும். ஓடிப்போனவரு என்னைக்காவது வரலாம். செத்தவரு வருவாராப்பா?"

அப்பா அந்த மாதமே பத்திரிகையை நிறுத்திவிட்டார்.

அக்கா தாலியைக் கழற்றவில்லை. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று தோட்டத்தில் அவளுக்குப் பேரே ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். கல்லறைத் திருநாளில் நாங்கள் மெழுகுவர்த்தியோடு கிளம்பும்போது அவள் வரமாட்டாள். நாங்கள் திரும்பி வரும்போது வீட்டிலும் இருக்கமாட்டாள்; மெழுகுவர்த்திக் கட்டில் ஒன்று குறைந்திருக்கும். எங்கே போனாள் என்று நாங்கள் கேட்டதில்லை.