அடிபம்பு ஓரத்துக் கேபிள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இருபது வருடமாகத் திருவொற்றியூர் பக்கம் மின்கேபிளுக்குப் பள்ளம் தோண்டினேன். எந்தத் தெருவில் கேபிள் எப்படிப் போகிறது என்று தெரிந்தவன் என்பதால், ஒப்பந்தக்காரர் என்னைக் கம்ப்யூட்டர் வரைபட வகுப்புக்கு அனுப்பினார். ராயபுரத்தில் ஒரு மாடி அறை. படித்தது நாலு பேர். மற்ற மூவரும் பட்டதாரிகள்.

முதல் வாரம் பொது வரைபடத்தை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நாலு பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு அமைத்தோம். பயிற்சிக்கு வரைவதே ஒப்பந்தக்காரரின் நிஜ வேலைக்கும் போகும். அவரவர் பிரதியில் திருத்திவிட்டு, பிறகு பொதுப் படத்தோடு சேர்க்க வேண்டும். ஒரே இடத்தை இருவர் மாற்றியிருந்தால் அந்த இடம் சிவப்பாகும். எவருடைய மாற்றம் வேண்டும் என்று கேட்கும்.

ஒரு நாள் காலை எனக்கு வந்தது காலடிப்பேட்டையில் ஒரு தெரு. அடிபம்பைச் சுற்றிக் கேபிளை வளைத்து வரைந்தேன். சேர்க்கும்போது சிவப்பு. பக்கத்து இருக்கைப் பெண் பழைய தாளைப் பார்த்து அதை நேர்கோடாக வரைந்து, எனக்கு முன்பே சேர்த்திருந்தாள்.

"இன்னாண்ணா, என் கோட்டு மேலயே கை வச்சினு கீறியே?" என்று சிரித்தாள்.

பள்ளத்தில் நிற்பவன் தாள் வைத்திருப்பவரை எதிர்த்துப் பேசமாட்டான். எங்கள் பழக்கம் அது. அவளுடையதையே வைத்துக்கொள்ளும்படி அழுத்திவிட்டேன்.

சற்று நேரத்தில் வகுப்பு நடத்தும் சார் வந்தார். "காலடிப்பேட்டை படம் ஆளுங்களுக்குப் போயிடுச்சு. தோண்ட ஆரம்பிச்சிருப்பாங்க."

அது என் பழைய கூட்டம். படத்தில் கேபிள் இல்லாத இடத்தில்தான் கடப்பாரை போடுவார்கள். பம்பு ஓரத்தில் மின்சாரம் ஓடும் கேபிள் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் என்னோடு தோண்டிய நண்பனுக்குப் போன் போட்டேன். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தான்.

"மாமு, பம்பாண்ட தோண்டாதே!"

"படத்துல அங்க ஒண்ணும் இல்லியே மாமு."

"படத்த வுடு. பம்பு இருந்திச்சினு நாந்தான் வளச்சுப் பொதச்சேன். நீ அன்னிக்கு லீவு."

மறுமுனையில் அவன், "டேய், எல்லாம் மேல ஏறுங்கடா!" என்று கத்துவது கேட்டது.

அறை முழுக்க என்னையே பார்த்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. "தெரிஞ்சுமா என்னுத வுட்டே?" என்றாள்.

சார் திரையருகே குனிந்தார். யார் எதைச் சேர்த்தார்கள் என்று அதில் பதிவாகியிருக்கும். அவர் அதைத் திறக்கும் முன் எழுந்து நின்றேன்.

"நான்தான் சார் வுட்டேன். வளைவ மறுபடி போடறேன்."