கிண்ணத்தை அடியில் வை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். இதை எழுத உட்காரும்போதே எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை. ஆகஸ்ட் மாத வெயில் பளிச்சென்று அடிக்கும்போது, மாலை 5.41-க்கு, என் சொந்த கராஜில் நடந்தது.

என் பெயர் லென் ஜாப்லோன்ஸ்கி. மிச்சிகனில் ராயல் ஓக் என் ஊர். வண்டி, அறுபத்தெட்டாம் வருடத்துப் போன்டியாக் கார். ஜூலை 13, சனிக்கிழமை, பே சிட்டியில் ஆர்வில் டென்ஹோம் என்ற பெரியவரிடம் வாங்கினேன். எண்பது தாண்டியவர். வார்த்தையை எண்ணி எண்ணித்தான் விடுவார். நான் கிளம்பும்போது டிக்கியைத் திறந்து ஒரு பழைய எனாமல் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார்.

"தம்பி, வண்டிய நிறுத்தினதும் இத அடியில வச்சிடு. ஒரு நாளும் மறந்துடாத."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக்கூடவா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? அந்தக் காலத்து வண்டிகளின் கெட்ட பழக்கம் அது. இன்ஜின் சூடானால் ரேடியேட்டரில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைத் திரவம், பொங்கும். பொங்கியது ஒரு சின்னக் குழாய் வழியாகத் தரையில் கொட்டும். இப்போதைய வண்டிகளில் அதைப் பிடித்து வைக்க ஒரு டேங்க் இருக்கும். சூடு ஆறியதும் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என் வண்டியில் அந்த டேங்க் இல்லை.

"தெரியும் சார். நானும் வண்டிப் பைத்தியம்தான்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தினமும் 5.20-க்கு வேலையிலிருந்து வருவேன். வண்டியை நிறுத்துவேன். கிண்ணத்தைக் குழாய்க்கு நேர் கீழே வைப்பேன். சொட்... சொட்... என்று பச்சையாக விழும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். கழுவித் துடைத்த மாதிரி. ரோசெல் கொட்டிவிட்டாள் என்று நான் நினைத்தேன். நான் கொட்டிவிட்டேன் என்று அவள் நினைத்தாள். முப்பது வருடக் கல்யாணத்தில் இப்படித்தான் பாதி விஷயம் நடக்கும்.

இதற்கு நடுவில் இன்ஜினில் ஃபேன் பெல்ட் வேறு உயிரை வாங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் போதும். ஈஈ... என்று ஒரு முனகல். மெல்லிசாக, இழுத்து இழுத்து. புது பெல்ட் போட்டேன். முனகியது. அதையும் கழற்றி வேறொன்று போட்டேன். அதுவும் முனகியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள். நான் கொட்டவில்லை என்பது அன்றுதான் ரோசெலுக்குத் தெரிந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டில் ப்ரெட்சல் இருக்கிறான். குட்டைக் கால், நீளக் காது, ரோசெலின் செல்ல நாய். கூலண்ட் தித்திக்கும். நாய் நக்கினால் இரண்டே நாளில் சிறுநீரகம் போய்விடும். அடித்துப் பிடித்து டாக்டரிடம் ஓடினோம். ரத்தத்தில் ஒன்றுமில்லை.

"அப்ப யாரு குடிச்சா லென்?"

"ஆவியாயிருக்கும்."

"ஒரு கிண்ணம் ஒரு மணி நேரத்துல ஆவியாகுமா? இங்க பாரு. ஒண்ணு டேங்க மாட்டு, இல்ல வண்டிய வித்துடு. என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நீயும் அந்த வண்டியும் தெருவுலதான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் ஊர்வலம். அதற்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு டேங்க் மாட்ட உட்கார்ந்தேன்.

அரை மணி நேர வேலை என்று டேங்க் வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. எழுதியவனைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். கிளாம்பில் இருந்த ஓட்டை ஒரு பக்கம், வண்டியில் இருந்த ஓட்டை ஒரு பக்கம். டிரில் முனை உடைந்தது. விரல் முட்டியில் தோல் போனது. பேட்டரியைக் கழற்றினேன், மாட்டினேன், திரும்பவும் கழற்றினேன். ஒருவழியாக 6.45-க்கு முடிந்தது. டேங்கில் கோடு வரை கூலண்ட் ஊற்றினேன். கிண்ணத்தைத் துடைத்து மேல் அலமாரியில் வைத்தேன்.

புதன், 5.25-க்கு நிறுத்தினேன். டேங்க் முக்கால்வாசி ஏறியிருந்தது. ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் அடிமட்டம். ஆகா, ரேடியேட்டர் உறிஞ்சிக்கொண்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். டேங்க் மூடி மட்டும் தரையில் கிடந்தது. சரியாகத் திருகவில்லை போல. திரும்பவும் ஊற்றி, இறுக்கித் திருகினேன்.

வியாழனும் அடிமட்டம். மூடி தரையில். அதன் விளிம்பில் பல் தடம்.

"ப்ரெட்சல ஏன் உள்ள விட்ட?" என்று கத்தினேன்.

"அவன் கராஜ் பக்கமே வரமாட்டேங்கறான். நீயே வந்து பாரு."

பார்த்தேன். சமையலறைக் கதவருகே நின்றிருந்தான். முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. வால் காலுக்கு நடுவில். கராஜையே பார்த்துக்கொண்டிருந்தான்...

வெள்ளிக்கிழமை நான் வந்து சேர்ந்ததும் கர்ட் வந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன், என்னைவிட வண்டி தெரிந்தவன். தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தான். எங்கேயும் ஒழுகல் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. பிறகு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய் மடையா, பழைய மூடியவே போட்டிருக்கியேடா!"

"அதுக்கென்ன?"

"இதுல ஒரே ரப்பர் வளையம்தான். டேங்க் வச்சா ரெண்டு வளையம் இருக்கற மூடி போடணும். இது வெளிய தள்ளும். ஆனா டேங்க்லேர்ந்து ஒரு சொட்டுகூடத் திரும்ப இழுக்காது. வெறும் காத்தத்தான் இழுக்கும்."

"கர்ட்... டேங்க் ரெண்டு நாளா காலியாச்சே."

"ரேடியேட்டரும் ஒரு சாண் குறைஞ்சிருக்கு. அப்ப அது எங்க போச்சு?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். கர்ட் சிரிக்க முயன்றான். "இரு, நல்ல மூடி வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினான். அவன் வண்டி தெருமுனை திரும்பியபோது மணி 5.38.

நான் தனியாக நின்றேன். ஷட்டர் திறந்திருந்தது. எதிர்வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் ஆறும் சத்தம். டிக்... டிக்... டிக்...

5.41.

டேங்க் மூடி அசைந்தது.

மெல்லத் திரும்பியது. பல்லால் கவ்வித் திருப்புவது போல, விட்டு விட்டு. டக். தரையில் விழுந்தது.

சளப்... சளப்... சளப்...

டேங்கில் பச்சை நிறம் கோடு கோடாக இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சத்தம் நின்றது.

சிமெண்ட் தரையில் நகங்கள். டிக், டிக், டிக்... இது இன்ஜின் இல்லை. என்னை நோக்கி வந்தது.

என் உள்ளங்கையில் ஈரமாக ஏதோ முட்டியது. ஜில்லென்று.

பிறகு விலகிப் போனது. அலமாரிக்குக் கீழே நின்றது.

மேலே... கிண்ணம் கடகடவென்று ஆடியது.

வெளியே எப்படி ஓடிவந்தேன் என்று தெரியாது. புல்தரையில் நின்றுகொண்டு ஆர்விலுக்கு போன் போட்டேன். மணி 5.47. டேங்க் மாட்டியதிலிருந்து ஆரம்பித்தேன்.

"டேங்க் மாட்டினியா? நல்ல காரியம் தம்பி. நான் அப்பவே மாட்டியிருக்கணும்."

"சார், உங்க வண்டில என்ன இருக்கு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"பெர்டி. என் நாய். எழுபத்திரண்டுல குழாய்லேர்ந்து சொட்டினத நான்தான் அவ கிண்ணத்துல புடிச்சேன். கைக்கு வேற பாத்திரம் கிடைக்கல. அவளுக்குன்னு வச்சதா நெனச்சுட்டா. ரெண்டு நாள் துடிச்சா."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பியா? அதான் கிண்ணத்தக் குடுத்தேனே. வண்டி வந்து நின்னதும் நல்ல தண்ணி வச்சா குடிச்சிட்டுப் போயிடுவா. அம்பது வருஷமா வச்சேன். ஒரு தொல்லையும் இல்ல. நீ தண்ணிதான வச்ச?"

நான் கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தம்பி... நீ என்ன வச்ச?"

முப்பத்தொரு நாள் கூலண்ட் வைத்திருக்கிறேன். அதன் பிறகு டேங்கில் வேறு. சொன்னேன். பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலையில... முனகினாளா?"

இரண்டு பெல்ட் மாற்றியது நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அன்றே கிண்ணத்தை எடுத்து மூன்று முறை கழுவினேன். நல்ல தண்ணீர் ஊற்றி வண்டிக்கு அடியில் வைத்தேன். 6.20-க்கு காலி. சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். அதே பெல்ட். ஒரு முனகலும் இல்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். ஊர்வலத்துக்குப் போகவில்லை.

புது மூடி போட்டாயிற்று. டேங்கில் அளவு கோட்டைவிட்டு இறங்குவதில்லை. ப்ரெட்சல் நன்றாக இருக்கிறான். ஆனால் தினமும் மாலை தண்ணீர் வைத்தாக வேண்டும். ஒரு நாள்கூட வெளியூர் போக முடியவில்லை. வண்டியை விற்றுத் தொலை என்கிறாள் ரோசெல். எனக்கும் ஆசைதான். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டும் போனார்கள். இரண்டாவது ஆளிடம், தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கிண்ணத்தைக் கொடுத்தேன். அவனும் என்னைப் போல வண்டிப் பைத்தியம். நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

"புரியுது புரியுது, டேங்க் வழிஞ்சா புடிக்கத்தான?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து, கிண்ணத்தை டேங்க் குழாய்க்கு நேர் கீழே வைத்தான்.