தனி ஆவர்த்தனத்தின்போது எடுத்த படங்கள்

மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் வயலின் டீச்சர் வில்லை மடியில் கிடத்திவிட்டு, வலது கையை முழங்கால்மேல் வைத்துக்கொள்வார். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அவர் நெடுநேரம் வாசிக்காமல் உட்கார்ந்திருப்பது அப்போது மட்டும்தான். எனக்கும் அதுவே வசதி. அசையாத முகம் கிடைக்கும்.

திருச்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் இசை, நான் வேதியியல். இருவருக்கும் வீடு ஸ்ரீரங்கத்தில் என்பதால் போக வர ஒரே பஸ். மகள் வாங்கிக் கொடுத்த காமிராவில் கொள்ளிடக் கரைக் கொக்குகளை நான் எடுத்துவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: “என் கச்சேரிக்கும் ஒரு தடவை வாங்களேன் டீச்சர். சபாவுல எடுக்கிற போட்டோவுல பாடறவங்க முழுசா இருப்பாங்க. எனக்குப் பாதி மூக்குதான் வரும்.”

முதல் கச்சேரியில் எடுத்த ஒரு படமும் தேறவில்லை. ஃபிளாஷ் போடக் கூடாது என்றார்கள். மேடையில் இருந்ததோ நாலு மஞ்சள் விளக்கு. ஷட்டரை வேகமாக வைத்தால் படம் கறுத்துப்போனது, மெதுவாக வைத்தால் எல்லாமே கலங்கியது. குறைந்த வெளிச்சத்துக்கு ஈடுகட்டும் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் முகமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். ஆறேழு கச்சேரிக்குப் பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டது. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டுக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். மேலே போன வில் கீழே திரும்புமுன் ஒரு கணம் நிற்கும். அதற்குக் காத்திருக்க வேண்டும். சங்கீதம் தெரியாத நான் அந்தக் கணம் எப்போது வரும் என்று காதாலேயே கண்டுபிடிக்கப் பழகினேன்.

அப்படித் தேறிவந்த ஒரு மாலையில்தான் தனி ஆவர்த்தனத்தின்போது மூன்று படங்கள் எடுத்தேன். மூக்குத்தியின் ஒளி, புடவைச் சரிகை, வயலினின் நாலு தந்தி எல்லாம் துல்லியமாக இருந்தன. முழங்கால்மேல் இருந்த வலது கை மட்டும் புகைபோலக் கலைந்திருந்தது. மூன்றிலும் அப்படியே. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்துத் தெப்பக்குளம் பக்கத்தில் காமிரா பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “காமிராவுல ஒண்ணும் இல்லீங்க மேடம். உங்க கை ஆடியிருந்தா எல்லாமே ஆடியிருக்கும். இதுல அவங்க கை மட்டும்தான் ஆடியிருக்கு.”

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினேன். ஐந்து மாதத்துக்கு முன் தப்பித் தவறித் தெளிவாக விழுந்த ஒரு படத்திலும் அந்தக் கை கலைந்தே இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் அவரிடம் காட்டலாமா வேண்டாமா என்று தவித்தேன். காவிரிப் பாலம் தாண்டும்போது காட்டிவிட்டேன். ஒருமுறை பார்த்துவிட்டு வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“தெரியும் டீச்சர். டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திரையும் போட்டுக்கிறேன். இது சரியாகிற வியாதி இல்லையாம். ஆனா பாருங்க, வாசிக்கும்போது நடுங்கறதே இல்ல. சும்மா வச்சிருந்தாத்தான் நடுங்குது.” பாலம் முடிந்ததும், “வீட்ல இன்னும் சொல்லல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார்.

சொல்லவில்லை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். புள்ளி விழுந்தாலும் விழட்டும் என்று ஐ.எஸ்.ஓ.வையும் ஷட்டர் வேகத்தையும் கூட்டினேன். வேகம் கூடினால் நடுங்கும் கையும் படத்தில் கல்போல நிற்கும். சபாக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவர் அந்தப் படங்களையே அனுப்பினார். நான் ஒளிக்க உதவினேனா, அவரைக் கைவிட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒன்றரை ஆண்டு அப்படி ஓடியது. பிறகு வாசிக்கும்போதும் கை இறுகத் தொடங்கியது. கடைசிக் கச்சேரியில் பாடகி வேகமாக ஸ்வரம் பாட, பதில் வாசிக்க வேண்டிய இடத்தில் வில் எழவில்லை. பாடகி புரிந்துகொண்டு, அந்த இடத்தையும் தானே பாடி நிரப்பினார். டீச்சர் வில்லை மெல்லக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். மேடைக்கும் எனக்கும் பத்தடி தூரம். எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கலாம். என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்று காமிராவை உயர்த்திக்கொண்டேன். விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே துல்லியமானது அதுதான். அழிக்கவும் மனம் வரவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை.

இப்போது அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். போன வாரம் காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தபோது திடீரென்று கேட்டார்: “கடைசிக் கச்சேரியில நீங்க ஒரு போட்டோ எடுத்தீங்களே, அது எப்படி வந்திருக்கு?”

“இருட்டுல சரியா வரல டீச்சர்” என்றேன்.

என்னையே சற்று நேரம் பார்த்தார். டம்ளர் நடுங்கிக் காப்பி புடவையில் சிந்தியது.

“நல்லதாப் போச்சு” என்றார்.