கேத வீட்டில் விட்ட வார்த்தை

நல்லகாமன் நீதிபதியானபோது அவர் மனைவி மலையம்மாளுக்குப் பெரும்பாடாக இருந்தது, வாசல் கேட்டைச் சாத்தி வைக்கப் பழகுவதுதான்.

விளாங்குடியில் இருந்த வீட்டுக்குக் கேட்டே கிடையாது. அவர் அப்போது எம்.எல்.ஏ. எழுபத்தொன்றில் ஜெயித்தார். அதற்கு முன்னால் வக்கீல். கோர்ட்டு முடிந்து கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே ஓட்டுக் கேட்கப் போன மனுசர். விடிந்தால் வாசல் நிறைய ஆள் நிற்கும். பட்டா மாறவில்லை, மடை உடைந்துவிட்டது, மகனுக்குக் கண்டக்டர் வேலை வேண்டும் என்று ஆளுக்கொரு குறை. யார் எவர் என்று கேட்காமல் மலையம்மாள் எல்லாருக்கும் காபித்தண்ணி கொடுப்பாள். மதுரை மீனாட்சியம்மனே தன் வாசலுக்கு அனுப்பின ஆட்கள் என்று நினைத்துக்கொள்வாள். இடுப்பு ஒடிந்தாலும் மனசு நிறைந்திருந்த காலம் அது.

அந்தக் கூட்டத்தில் சோணை என்று ஒருவர். மேற்கே கண்மாய்க்கரை ஊர்க்காரர். தேர்தல் வந்தால் ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார். ஒருநாள் ஓடையில் திடீரென்று தண்ணீர் வந்து ஜீப் நின்றுபோக, நல்லகாமனைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மலையம்மாள் சிரிப்பாள். ஒங்க அண்ணன் வேட்டி நனையல, ஒமக்குத்தான் கழுத்து மட்டும் தண்ணி என்பாள். அவர் பெண்டாட்டி சின்னத்தாயி இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

எழுபத்தாறில் சட்டசபை கலைந்தது. அடுத்த தேர்தலில் நல்லகாமனுக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. பழையபடி கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நாலைந்து வருசத்தில் ஜில்லா நீதிபதியாக எடுத்தார்கள். முதலில் வெளியூர்களில் போட்டார்கள். எண்பத்து நாலில் மதுரைக்கே மாற்றல் வந்தது. எல்லாருக்கும் சந்தோசம். அவருக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

கே.கே. நகரில் வீடு பார்த்தார்கள். குடி வந்த அன்றைக்கே மலையம்மாளை உட்கார வைத்துச் சொன்னார். தெரிந்தவர் யார் வந்தாலும் உள்ளே விடக்கூடாது. சாமி பிரசாதமானாலும் கை நீட்டி வாங்கக்கூடாது. ஒரு வீட்டு விசேசத்துக்கும் போகவேண்டாம். நாளைக்கு அந்த வீட்டு வழக்கு தன் முன்னால் வந்து நிற்கும் என்றார். வாசலைப் பார்த்துக்கொள்ள டவாலி சந்தானம் இருந்தார். கோர்ட்டில் ஐயாவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டையுமாக நடக்கிற சேவகர் அவர்.

கணவர் சொன்னதை மலையம்மாள் ஒப்புக்கொண்டாள். உடம்புதான் ஒப்பவில்லை. அடுப்படிக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். உலையில் அரிசியைக் கூடப் போட்டுவிட்டு, மிஞ்சின சோற்றைப் பார்த்துத் தன்னையே வைதுகொள்வாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் தெரிந்த முகம் எதிரே வந்துவிடுமோ என்று தூண் ஓரமாக ஒதுங்குவாள். சாமி கும்பிடப் போய் ஒளிந்து நிற்கிறோமே என்று அழுகை வரும்.

அந்த வருசம் சோணையின் ஊரில் கண்மாய் வற்றி மீன் பிடித்தார்கள். ஊரே சேற்றுக்குள் இறங்கி நின்றபோது சண்டை வந்து, மருது என்கிறவனுக்குக் கையில் அரிவாள்வெட்டு. வெட்டினது சோணை மகன் பேயாண்டி என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தலை முதல் கால்வரை எல்லாரும் சேறு பூசி நின்ற இடத்தில் எவன் கையில் அரிவாள் இருந்தது என்று எப்படித் தெரியும் என்று பாதி ஊரும், தெரியும் என்று மீதி ஊரும் பேசிக்கொண்டது. ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு சுற்றிச் சுற்றி நல்லகாமன் கோர்ட்டுக்கே வந்து சேர்ந்தது. ஓட்டுப் போட்டவன் வழக்கையெல்லாம் வேறு கோர்ட்டுக்குத் தள்ளிவிட்டால் எனக்கு இந்த ஜில்லாவில் வேலையே இருக்காது என்று அவர் எடுத்துக்கொண்டார். சோணை ஒருநாளும் கேட்டுப்பக்கம் வரவில்லை. அண்ணனுக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொன்னாராம்.

இருதரப்பும் பேசி முடித்து, திங்கட்கிழமை தீர்ப்பு என்று சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் சோணை செத்துப்போனார். நெஞ்சுவலி.

காய்கறிக்காரி சொல்லித்தான் மலையம்மாளுக்குத் தெரியும். நல்லகாமன் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவள் இருந்து பார்த்தாள், படுத்துப் பார்த்தாள், விளக்கு முன்னால் நின்று பார்த்தாள். விசேசத்துக்குப் போகவேண்டாம் என்றுதான் சொன்னார், சாவுக் கேதத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லையே என்று மனசு வழக்காடியது. பகையாளியானாலும் கேதத்துக்குப் போகாமல் இருக்கிற ஊரா இது? தோளில் தூக்கினவன் கிடக்கையில் போகாவிட்டால் தெய்வம் பொறுக்குமா? சேலையை மாற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தாள். சந்தானத்திடம் கோயிலுக்கு என்று சொன்னது வழி முழுக்க உறுத்தியது.

அவள் தலை தெரிந்ததும் சின்னத்தாயி எழுந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொள்ளி வைக்கப் பெத்த பய கம்பிக்குள்ள கெடக்கானே அக்கா என்று ராகம் போட்டாள். கட்டிக்கொண்டவள் அழுதால் வந்தவளும் பதில் சொல்லி அழவேண்டும். அதுதான் முறை. நான் இருக்கேன், நீ அழாத என்று எந்தக் கேதத்திலும் எல்லாரும் சொல்வதுதான். மலையம்மாளும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகையோடு அழுகையாக வார்த்தை ஓடிவிட்டது.

"அழாதடி ஆத்தா. ஒம்மகன் எம்மகன்டி. அவன ஒங்கிட்டக் கொண்டாந்து சேக்குறது எம் பொறுப்பு."

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் பந்தலுக்குள் மருது நிற்பது தெரிந்தது. வெட்டுப்பட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு அவனும் முறைக்கு வந்திருந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக வெளியே நடந்தான். பக்கத்தில் இருந்த பெண்கள் இரண்டுபேர் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

சோணையின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். மலையம்மாள் வீட்டுக்கு வந்து தலை முழுகினாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நல்லகாமன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் வையவில்லை. வைதிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"மருது காதுல விழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"விழுந்துச்சுங்க."

தான் இனி எந்தத் தீர்ப்புச் சொன்னாலும் அது தீர்ப்பாக இருக்காது என்றார். விட்டால் பெண்டாட்டி வாக்குக் கொடுத்தாள் என்பான் மருது. தண்டித்தால் அதை மறைக்கத் தண்டித்தான் என்று ஊர் சொல்லும். அன்றைக்கே மேலே எழுதி வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். புது நீதிபதி எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் பேயாண்டி உள்ளேதான்.

அந்த மாதங்களை மலையம்மாள் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். கோயிலுக்குப் போவாள். பையன் வெளியே வரவேண்டும் என்று கேட்க வாய் வராது. கேட்டால் மருதுவின் கைக்கு எதிராகக் கேட்டதாகும். தாயே, தாயே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். தீபாவளி போனது, பொங்கலும் போனது. மாசியில் ஒருநாள் நல்லகாமன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பேயாண்டியை விட்டுவிட்டார்கள் என்றார். யார் வெட்டினார்கள் என்று சாட்சி நிற்கவில்லையாம்.

மலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே, இத்தனை மாதமும் தொண்டையில் நின்றதைக் கேட்டாள்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீக?"

அவர் பதில் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தாள். தீர்ப்பு விசயம் எதையும் வீட்டில் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னார்.

"அந்தத் திங்கக்கெழமையே வீட்டுக்குப் போயிருப்பான்."

சொல்லிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமே என்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார். மதுரையை விட்டு மாற்றல் வேண்டும் என்று அந்த வாரமே எழுதிக் கொடுத்தார்.

இரண்டுநாள் கழித்துச் சின்னத்தாயி வந்தாள். கையில் மஞ்சள் பை. தேங்காய் பழம் தெரிந்தது. உள்ளே விடக்கூடாது அம்மா என்று சந்தானம் மறித்துக்கொண்டிருந்தார். மலையம்மாள் இறங்கிப் போய்த் தானே கேட்டைத் திறந்து வெளியே தெருவில் நின்றாள்.

சின்னத்தாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீக அக்கா, ஊரே ஒங்க பேச்சாக் கெடக்கு, மொதத் தேங்கா ஒங்களுக்குத்தேன் என்று பையை நீட்டினாள். மலையம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் தனக்குப் பெருமைதான். ஆனால் அது பொய்ப் பெருமை.

"நான் காப்பாத்தலடி சின்னத்தாயி. அன்னைக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, மறு திங்கக்கெழமையே ஒம்மகன் வீட்டுக்கு வந்திருப்பான். அப்பனுக்குக் காரியம் அவன் கையாலயே நடந்திருக்கும். என் வார்த்தையாலதான் இம்புட்டு நாளும் உள்ள கெடந்தான்."

சின்னத்தாயிக்கு அது விளங்கக் கொஞ்சநேரம் ஆனது. விளங்கினதும் சிரிப்பு போய்விட்டது.

"எழவுக்கு வந்தவகள எப்படிக்கா வைவேன்?" என்றாள்.

நீட்டின பையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். போயிட்டு வாரேன் என்று எப்போதும் சொல்கிற பெண், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பஸ் வருகிற பக்கமாக நடந்தாள். கேட்டைச் சாத்தட்டுமா அம்மா என்று சந்தானம் இரண்டுதரம் கேட்டார். அவள் தலை மறையட்டும் என்றாள் மலையம்மாள்.