சாவியா... ஆவியா?

இந்த வாரம் எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சோம்பல் ஒரு காரணம். அது எல்லா வாரமும் இருப்பது; எடிட்டருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்த முறை கூடவே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊரையே கிண்டல் பண்ணிப் பிழைக்கிறவன் நான். என் கிண்டலே என்னைத் திருப்பி அடித்த கதையை நானே எழுத வேண்டுமா?

கடைசியில் சம்பந்தப்பட்டவரே, "எழுதுடா, ஆனா பேர மாத்திடு" என்று சொல்லிவிட்டார். மாற்றிவிட்டேன் — ஹனீஃபா. "இதவிட நல்ல பேரு கிடைக்கலயா?" என்று புகாரும் வந்துவிட்டது.

ஹனீஃபா நானாவும் நானும் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறோம். மளிகைச் சாமான் பேக்கிங். 'நானா' என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அண்ணன். அவருக்கு நாற்பத்தொரு வயது, எனக்கு இருபத்தாறு. காலையில் கம்பெனி பஸ்ஸில் நான் லிட்டில் இந்தியாவில் ஏறி, அவருக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருப்பேன். அவர் தோ பாயோவில் ஏறுவார். அங்கிருந்து ஜூரோங் போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எங்கள் பேய்க்கதை.

படிப்புக்கும் எனக்கும் ஒத்துவராது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புத்தகத்தைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் கொட்டாவி. ஆனால் யாராவது படித்துக் காட்டினால்...? நாள் முழுக்கக் கேட்பேன். அதனால்தான் ஆடியோ புக். அதிலும் பேய் வீட்டுக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

ஒரு சந்தேகம். கதையில் பேய் எல்லாம் ஏன் மலை மேல் பங்களாவிலேயே குடியிருக்கிறது? நம் அடுக்குமாடி ப்ளாக் வீட்டில் வந்து இருக்க வேண்டியதுதானே? வந்தாலும் எங்கே ஒளியும்? ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், ஓடாத ஃபேன் — எனக்கே உள்ளே கால் வைக்க இடமில்லை. கொலுசு போட்டுக்கொண்டு காரிடாரில் நடந்தால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து "சத்தம் போடாதே" என்பார். பாவம், பேய்க்கு இங்கே பிழைப்பு ஓடாது.

இப்படியெல்லாம் வாய் கிழியப் பேசுகிற நான், கதை ஓடும்போது எப்படி இருப்பேன் தெரியுமா? காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொள்வேன். கையில் இருக்கிற பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்வேன். கதவு கிறீச்சிட்டால் கண்ணை மூடுவேன். கண்ணை மூடினால் காது கேட்காதா என்ன? யோசித்ததே இல்லை.

என்னிடம் ஒரு ஜோடி இயர்பட்ஸ்தான். இடது எனக்கு, வலது நானாவுக்கு. தினமும் நானே அவர் காதில் மாட்டிவிடுவேன்.

நானாவைப் போல ஒரு ரசிகரை நான் பார்த்ததில்லை. நான் திடுக்கிட்டால் அவரும் திடுக்கிடுவார். நான் 'ச்சீ' என்றால் அவரும் முகத்தைச் சுளிப்பார். நான் பயத்தில் சீட்டுக் கம்பியைப் பிடித்தால், அவர் கை அதே கம்பியில் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே மனசு என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கதை ஆரம்பித்தோம். மலைப் பங்களாவுக்கு ஒரு டீச்சர் தனியாகக் குடிவருகிறார். மாடியில் பூட்டிய அறை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கிசுகிசுக்கிறது. "சாவி எங்கே... சாவி எங்கே..." அப்பா! ஏசி பஸ்ஸிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

அன்றைக்கு டீ பிரேக்கில் நானா சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பேய்தான்டா லூசு."

"ஏன் நானா?"

"கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஆவி எங்கே, ஆவி எங்கேன்னு கேக்குது. நீதானம்மா ஆவி! போய் கண்ணாடியப் பாரு லா!"

டீ என் மூக்கில் ஏறிவிட்டது.

"நானா! ஆவி இல்ல, சாவி! பூட்டுச் சாவி!"

"சும்மா இரு லா. ஆவின்னுதான் சொன்னுச்சு."

"சாவி நானா, சாவி!"

"நீ சொன்னா சாவின்னு கேக்குது. அந்தப் பொம்பள ஒழுங்கா சொல்லல."

இது போதாதா எனக்கு? மத்தியானத்துக்குள் கிடங்கு முழுக்கப் பரப்பிவிட்டேன். 'ஆவி நானா' என்று பெயர் வைத்தாயிற்று. ஸ்டோரைத் திறக்க வேண்டுமென்றால், "நானா, ஸ்டோர் ஆவி எங்கே?" லாரி டிரைவர் வந்தால், "நானா, லாரி ஆவியக் காணோமாம்!" இரண்டு வாரம் ஓடியது. நானாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தால் நான் நிறுத்துவேனா?

போதாக்குறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் எனக்குக் குறும்பு தலைக்கேறியது. கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. டீச்சர் அடுப்படியில் நின்று டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார். சும்மா இருக்கப் பிடிக்காமல், கண்ணை அகல விரித்து, வாயைப் பிளந்து, பேயை நேரில் பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"யா அல்லாஹ்!"

நானா என் முழங்காலைப் பிடித்துவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்...

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சர்க்கரை போடுவதற்கு எதற்கு 'யா அல்லாஹ்'?

கதையை நிறுத்தினேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, "நானா, இன்னிக்கு வீட்டுல என்ன சமையல்?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. அவர் பக்கம் திரும்பி அதையே அதே குரலில் கேட்டேன். "மீன் குழம்பு. ஏன்டா?" என்றார்.

என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். முகத்தைப் பார்ப்பதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே.

"எத்தன நாளா நானா?"

இயர்பட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு வருஷம் இருக்கும். மெல்லிசா வர்ற சத்தம் எல்லாம் போயிருச்சுடா. ஆள் எதிர்ல நின்னு பேசினா, வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். கதை அங்கொண்ணும் இங்கொண்ணும்தான் காதுல விழும்; சொல்றவங்களுக்குத்தான் வாய் இல்லையே... அதான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேன்."

"அப்ப இவ்வளவு நாளா கதையே கேக்கலயா? எதுக்கு நானா உக்காந்திருந்தீங்க?"

"நீ தினம் சீட்டுப் பிடிச்சு வச்சு, ஆசையா காதுல மாட்டிவிடுற. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

 

டாக்டரிடம் காட்டலாம் என்றேன். மாட்டேன் என்றார். "இந்த வயசுல காதுல மெஷினா? இப்பவே ஆவி நானாங்கிறீங்க. அப்புறம் செவிட்டு நானாம்பீங்க. யாருகிட்டயும் சொல்லாத. எங்க வீட்டுலகூடத் தெரியாது."

'ங்கிறீங்க' என்று ஊரையே சேர்த்துச் சொன்னார். அந்தப் பெயரை வைத்தது நான் ஒருவன்தான்.

கிண்டல் பண்ணுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அடுத்தவர் பண்ணுகிற தப்பு அவனுக்குத்தான் முதலில் தெரியும். ஏன் பண்ணினார் என்பது மட்டும் கடைசி ஆளாகத்தான் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் அந்தப் பேச்சை மறுபடி எடுத்திருக்க மாட்டேன். ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். நானா டிவியில் புட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் நூரா, எட்டு வயது, சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் குரல் இருக்கிறதே, கொசு ரீங்காரம் அதைவிடக் கனமாக இருக்கும். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவாள்.

"வாப்பா... ஸ்கூல்ல என்னை..."

நானா திரும்பவில்லை. அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு கையிலிருந்த தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் தமிழில் கதை சொல்ல இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"வாப்பாகிட்டக் காட்டலயா?"

"வாப்பா கேக்க மாட்டாங்க சாச்சா," என்றாள். சாச்சா என்றால் சித்தப்பா. "மத்தவங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டாங்க."

அழவெல்லாம் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நம் தமிழில் இந்தக் 'கேக்கல' என்கிற சொல் இருக்கிறதே! காதில் விழவில்லை என்றாலும் கேக்கல. விழுந்தும் மதிக்கவில்லை என்றாலும் கேக்கல. நானாவுக்கு நடப்பது முதலாவது. அந்தக் குழந்தை எடுத்துக்கொண்டது இரண்டாவது. இரண்டு வருஷமாக.

நானா என்னை வழியனுப்பக் கீழே வந்தார். ப்ளாக்குக்கு அடியில் திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக்கில் அவரை நிறுத்தி, என் முகம் தெரிகிற மாதிரி எதிரில் நின்றுகொண்டேன்.

"நானா, நூரா சொல்லுது... வாப்பா கேக்க மாட்டாங்களாம்."

"என்ன கேட்டா? நான் எத வாங்கிக் குடுக்கல?"

பார்த்தீர்களா, மூன்றாவது அர்த்தம் — பொருள் கேட்பது!

"அந்தக் கேக்கறது இல்ல நானா. அது பேசினா நீங்க கேக்க மாட்டீங்களாம். மத்தவங்க பேசினா கேப்பீங்களாம்."

அங்கிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ எங்கிட்டப் பேசுறதே இல்லன்னு நெனச்சேன்டா. பொம்பளப்புள்ள, வளருது, உம்மாகூடத்தான் ஒட்டும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காளா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எங்க போய்க் காட்டணும்?"

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டார். பாலிகிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, காத்திருப்பு. காது டெஸ்ட் அன்று நானும் லீவு போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே நானா தலையில் ஹெட்போனோடு. சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். நாற்காலியை, ஜன்னலுக்கு வெளியே டெஸ்ட் எடுக்கிறவருக்கும் எனக்கும் முதுகு காட்டுகிற மாதிரி போட்டிருந்தார்கள். யாருடைய முகத்தையும் பார்க்க முடியாது.

நான் நாற்காலி ஓரமாகத் தெரிந்த அவருடைய கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினார். அழுத்தினார். பிறகு ரொம்ப நேரம் அழுத்தவே இல்லை. ஒரு பேய்க்கதையிலும் நான் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

கீச்சென்று மெல்லிசாக வருகிற சத்தங்கள்தான் போயிருக்கின்றனவாம். 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகள் முதலில் காணாமல் போகுமாம். குழந்தைகள் குரலும். மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள்.

போன வாரம் மெஷின் வந்தது. இரண்டு காதுக்குப் பின்னாலும், பட்டாணி நெற்று அளவுக்கு. பஸ்ஸில் ஏறியதும் நானா முதலில் சொன்னது: "டேய், இந்த ஏசி இவ்வளவு சத்தமாவா போடும்?" பின் சீட்டில் ஒருவர் முறுக்குப் பையைப் பிரித்தார். நானா துள்ளிவிட்டார். நான் பேயைப் பார்த்த மாதிரிகூட முகத்தை வைக்கவில்லை, சத்தியமாக.

கிடங்கில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் முன்னதாகவே எல்லோரிடமும் பேசிவைத்திருந்தேன். என்ன பேசினேன் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது. ஸ்டோர்கீப்பர் லிம் மட்டும் அருகில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "வாவ், நியூ புளூடூத் ஆ?" என்றார்.

"யா லா. லேட்டஸ்ட் மாடல்," என்றார் நானா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இந்தத் திங்கட்கிழமை பஸ் தோ பாயோவில் நின்றபோது, நானா சிரித்துக்கொண்டே ஏறினார். உட்கார்ந்தும் சிரிப்பு அடங்கவில்லை. முந்தின நாள் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது நூரா மேலே ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயைக் காதருகில் கொண்டுவந்தாளாம். மெஷின் 'கீ...' என்று கத்தியதாம். அவள் பயந்து விலகி, அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம் தள்ளி வாயை வைத்து என்னவோ சொன்னாளாம்.

"எல்லாம் கேட்டுச்சுடா... ஒரு எழுத்து விடாம!" என்றார்.

"அப்படி என்ன சொன்னா நானா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விடுவேனா? "சொல்லுங்க நானா, என்னதான் சொன்னா?"

"அத எப்படிடா உன்கிட்டச் சொல்றது? ரகசியம்னு சொல்லித்தானே சொன்னா!"