துவைக்கிற கல்லில் ஒரு சிலுவை

கல்லறைக் கல்லில் பெயர் இல்லாவிட்டாலும் குற்றமில்லை என்று எனக்கு முதலில் சொன்னவர், ஆம்பூரில் சிலுவை செதுக்கும் மாசிலாமணி. நான் ஏற்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையைக் கண்டால் எந்தச் சபையும் ஒரு பதிவேட்டைக் கையில் திணித்துவிடும். எனக்கு வாய்த்தது கல்லறைத் தோட்டப் பதிவேடு. இவ்வாறு அகப்பட்டுக்கொண்ட வாசகர்களுக்கு என் பாடு புரியும்.

ஐந்தாண்டு விதி

தோட்டத்தில் இடம் குறைவு. ஐந்தாண்டுக்குள் கல் நடப்படாத குழியில் அடுத்தவரை அடக்கம் செய்வது வழக்கம். அந்தக் கல்லில் பெயரும் தேதியும் வேண்டும் என்ற வரி, ஒழுங்கு கருதி நான் சேர்த்தது.

தோல் பதனிடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இராஜமாணிக்கத்தின் மறைந்த மனைவி சலோமியின் குழிக்கு அந்த மாதத்தோடு கெடு முடியவிருந்தது. கணவருக்குச் சொல்லியனுப்பினேன். வந்தவர் பதிவேட்டைப் பார்க்கவேயில்லை.

"வூட்ல பன்னெண்டு பேரோட நெருக்கிக்கினு கெடந்தா டீச்சர். இங்கயாவது அவ தனியா படுக்கட்டுமே."

ஷேர் ஆட்டோவில் வந்தது

மறுவாரம் நான் மாசிலாமணியின் பட்டறையில் இருந்தபோது ஷேர் ஆட்டோவில் இராஜமாணிக்கம் வந்து இறங்கினார். பயணிகளின் காலடியில் ஒரு துவைக்கிற கல்! நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. தட்டிப் பார்த்த மாசிலாமணி, எழுத்து வெட்டினால் பிளந்துவிடும், மேலோட்டமாக ஒரு சிலுவை மட்டும் தாங்கும் என்றார்.

"வேறு கல் கொண்டுவாருங்கள்" என்றேன் இராஜமாணிக்கத்திடம், வகுப்பறைக் குரலில்.

"முப்பது வருஷம் என் துணியில இருந்த தோல் நாத்தத்த அவ இதுலதான் டீச்சர் போக்கினா. வேற கல்லு இன்னாத்துக்கு?"

கைபேசிப் படம்

மாசிலாமணி கைபேசியை நீட்டினார். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவில், ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய கல்லறைக் கற்கள். கரடுமுரடான பலகைக்கல்லில் ஒரு சிலுவை, அவ்வளவே; பெயருமில்லை, தேதியுமில்லை. நெடுநேரம் பார்த்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து, நான் சேர்த்த வரியை நானே அடித்தேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் கல்லைப் படுக்கையாகப் பதித்தார்கள். செதுக்கிய தூசியை இராஜமாணிக்கம் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே தேய்த்துக் கழுவினார். குழிவில் தேங்கிய நீரில் சிலுவை தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் சோப்பு போட்டுக்கலாமா டீச்சர்?"

எழுதாத விடைத்தாளுக்கு ஒருநாளும் மதிப்பெண் போட்டறியாத நான், அன்று ஒன்றுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு வீடு திரும்பினேன்.